இன்னர்லீதன் கடைத்தெருவில் ஓர் அச்சகம்

எடின்பரோவிலிருந்து பீபிள்ஸ் வழியாக வரும் பேருந்து, இன்னர்லீதன் கடைத்தெருவிலேயே இறக்கிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் ட்வீட் ஆற்றங்கரையில், கம்பளி ஆலைகளால் வளர்ந்த சின்ன ஊர். வால்டர் ஸ்காட்டின் நாவல் ஒன்று இந்த ஊர் நீரூற்றைப் பிரபலமாக்கியது என்பார்கள். நான் ஊற்றுப் பக்கம் போகவில்லை. நேரே ராபர்ட் ஸ்மெயில் அச்சகத்துக்குப் போனேன்.

தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண எழுதுபொருள் கடைதான். பின்கட்டுக்குப் போனால்தான் விஷயமே இருக்கிறது: காகிதக் கிடங்கு, இயந்திர அறை, மாடியில் அச்சுக்கோக்கும் அறை. 1866இல் தொடங்கிய தொழிலை மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தியிருக்கிறது. மின்சாரம் வருமுன் இயந்திரங்களை ஓட்டியது நீர்ச்சக்கரம். லீதன் ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். கப்பல் டிக்கெட்டும் இதே கடையில் விற்றார்களாம். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஊர்க்காரர்கள் இங்கே வந்துதான் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்கள்.

மாடியில், எழுத்துகளை வரிசையாக அடுக்கும் கம்போசிங் ஸ்டிக்கைக் கையில் கொடுத்து, “உங்கள் பெயரைக் கோத்துப் பாருங்கள்” என்றார் வழிகாட்டி அம்மா. அச்செழுத்துப் பெட்டியில் ‘e’ எழுத்துக்குத்தான் மிகப் பெரிய அறை. ஆங்கிலத்தில் அதற்குத்தானே வேலை அதிகம். ஒவ்வொரு ஈய எழுத்திலும் பள்ளமாக ஒரு கோடு இருக்கிறது. விரல் அதைத் தடவியே எழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண்டுகொள்ளும், கண் வேண்டியதில்லை. 1893 முதல் 1916 வரை உள்ளூர் வாரப் பத்திரிகையையே இப்படிக் கையால் கோத்து வெளியிட்டிருக்கிறார்கள்.

என்னை அசத்தியவை தடித்தடியான ஒட்டுப்புத்தகங்கள். அச்சடித்த ஒவ்வொரு வேலையிலும் ஒரு பிரதியை அவற்றில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். மரண அறிவிப்பு, நடன டிக்கெட், கடைக்காரரின் விலைப்பட்டியல் எல்லாம் உண்டு. எதிர்காலச் சரித்திரக்காரருக்காக அல்ல. அடுத்த முறை அதே ஆள் அதே வேலையோடு வந்தால் எடுத்துக்காட்டத்தான். கணக்கு வழக்குக்காகச் செய்தது ஒரு ஊரின் ஆவணக் காப்பகமாகிவிட்டது.

குடும்பத்தின் கடைசி அச்சுக்காரர் கவன் ஸ்மெயில் ஓய்வு பெற்ற 1986இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை இந்த அச்சகத்தை வாங்கியது. 1990இல் பொதுமக்களுக்குத் திறந்தது. பல ஊர்களில் பழைய கடையின் முகப்பை மட்டும் காப்பாற்றி, உள்ளே காப்பிக் கடை வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் காரியம்தான். இங்கே இயந்திரம் இன்னும் ஓடுகிறது, வெளியார் வேலையும் எடுத்து அச்சடிக்கிறார்கள்.

குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், நாள் பார்த்துப் போங்கள். போனால் வெறுங்கையோடு திரும்பாமல், அங்கேயே அடித்த வாழ்த்து அட்டை ஒன்றாவது வாங்குங்கள்.