போகாத உள்ளான்கள்

வேதாரண்யம் என்றதும் உங்களுக்கு உப்பு ஞாபகம் வரும். எனக்கு உள்ளான்! கோடியக்கரைக் காயலை ஒட்டிய உப்பளத்தில்தான் அப்பாவுக்கு வேலை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்.

போன ஜூனில் முதல் வருஷ ரிசல்ட் வந்தது. இரண்டு அரியர். வீட்டில் மூச்சு விடவில்லை. 'காலேஜ் போதும், அப்பாவோடு உப்பு வாரப் போய்விடலாம்' என்று முடிவே கட்டிவிட்டேன்.

அன்றைக்கு விடியற்காலையில் பாத்தி ஓரம் கொசு உள்ளான்கள்! ஒன்று 25 கிராம் இருந்தால் அதிகம். சேற்றைக் கொத்திக்கொண்டே குடுகுடுவென்று ஓடும். குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வருகிறவை, சித்திரை முடிவதற்குள் சைபீரியாவின் துருவக் கரைக்கு முட்டையிடப் போய்விடுமே, இதுகள் மட்டும் ஏன் இங்கே?

பெரியப்பாவைக் கேட்டேன். பறவைக்கு வளையம் போடுகிறவர்களோடு வலை கட்டப் போனவர்.

"அதெல்லாம் போன வருஷத்துக் குஞ்சுடா. பெருசுங்க செவந்து, கொழுத்துக் கெளம்பிடும். இதுங்களுக்கு அவ்வளவு தூரம் பறக்க இன்னும் தெம்பு வரல. மொத வருஷம் பலதும் இங்கயே தங்கிடும். அடுத்த வருஷம் போகும்."

நிஜம்தான். ஒன்றுகூடச் சிவக்கவில்லை, அத்தனையும் சாம்பல் நிறம். வெயில் ஏறும்வரை நின்று எண்ணினேன். 43. (உப்புத்தண்ணீரில் கால் எரிந்தது தனிக்கதை!)

"எண்ணி என்னடா பண்ணப் போற?" என்றார் அப்பா.

"ரெண்டு பேப்பர் போச்சுப்பா."

வாருபலகையை நிறுத்தாமலே கேட்டார்: "திரும்ப எழுத எவ்வளவு கட்டணும்?"