மலைக்கோட்டை இருட்டும் அந்த 20 நிமிடம்

திருச்சி கீழ ஆண்டார் வீதியில் ஒரு பழைய வாடகை வீடு. மொட்டை மாடிக்கு ஏறினால் மேற்கே மலைக்கோட்டை முகத்துக்கு நேரே நிற்கும். 22 வருடங்களாக அங்கே குடியிருந்த குடும்பம், பொங்கலுக்கு முன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் புறநகருக்குப் போகிறது. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ஒரே ஓர் ஆசை. போவதற்குள், விளக்குப் போட்ட உச்சிப்பிள்ளையார் கோயிலை அந்தி வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். கையில் இருப்பது சாதாரண போன்தான்.

"தினம் பாக்குறதுதானேம்மா, அதுல என்ன போட்டோ?" என்றார் அப்பா. வீட்டு ஆல்பத்தில் கல்யாணம் இருக்கிறது, காதுகுத்து இருக்கிறது, ஊட்டி கூட இருக்கிறது. மலைக்கோட்டை ஒன்றுகூட இல்லை!

முதல் நாள் அவர் மாடியேறியபோது மணி 6.30. வானமும் கறுப்பு, மலையும் கறுப்பு. நடுவில் நாலு விளக்குகள் அந்தரத்தில் தொங்குவது போல ஒரு படம் கிடைத்தது.

நம் ஊர் அந்தி அவ்வளவு சின்னது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் இங்கே ஏறக்குறைய செங்குத்தாகவே இறங்குகிறது. மறைந்த பிறகு அது அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி போகும் வரை வெளிச்சம் மிச்சமிருக்கும். திருச்சியில் அதற்கு 22 நிமிடங்கள் போதும். ஜூன் மாத லண்டனில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருச்சியில் டிசம்பர் நடுவில் சூரியன் மறைவது 5.55 வாக்கில், ஜூனில் 6.40 ஆகிவிடும். வானம் நீலமாக இருக்கும்போதே தெருவிளக்கும் எரியும் அந்தக் கொஞ்ச நேரம்தான் படத்துக்கானது.

மறுநாள் 5.50-க்கே ஆஜர். இந்த முறை கெடுத்தது போன். இருட்டைக் கண்டதும் அது தானாகவே நைட் மோடுக்குப் போய், பல படங்களை ஒன்றாகச் சேர்த்து வெளிச்சம் கூட்டிவிட்டது. மாலை நாலு மணிக்கு எடுத்த மாதிரி வானம்! அதை எப்படி நிறுத்துவது என்று தேடுவதற்குள் இருட்டிவிட்டது.

மூன்றாம் நாள் மழை மேகம். மாடியில் வேலை இல்லை என்று தெப்பக்குளம் பக்கம் இறங்கி நடந்தார். 83 மீட்டர் உயரப் பாறையைக் குளக்கரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பதே தனி அனுபவம். என்.எஸ்.பி. ரோட்டில் ஜவுளிக் கடை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய, கூட்டம் தோளோடு தோள் உரசிப் போய்க்கொண்டிருந்தது. பூக்கூடைக்கு மேலே தொங்கிய மஞ்சள் பல்பில் மல்லிகைகூடத் தங்க நிறம். போனைத் தூக்கினார்.

"என்னைய எடுக்காத பாப்பா, காலைலேர்ந்து ஒக்காந்து மூஞ்சியெல்லாம் எண்ணெ வடியுது. பூவ எடுத்துக்க."

"சரிக்கா, பூவை மட்டும் எடுத்துக்கறேன்."

எடுத்த படத்தைக் காட்டியதும் கூடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு முழம் கூடுதலாக அளந்தார். மலையை முழுசாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காவிரிப் பாலத்துக்குப் போகலாம். தெற்கே மலைக்கோட்டை, மேற்கே ஆற்றின் மேல் சிவந்த வானம், வடக்கே ஸ்ரீரங்கம். 236 அடி ராஜகோபுரத்தை அங்கிருந்தே கண்டுபிடித்துவிடலாம். போகிற வருகிற பஸ்ஸில் பாலம் அதிரும் என்பதால் கை ஆடாமல் எடுப்பது கஷ்டம். மாடிச் சுவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான்காம் நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. துப்பட்டா நுனியால் லென்ஸைத் துடைத்தார். அந்த விரல் ரேகைப் பிசுக்குதான் இரண்டு நாளும் விளக்குகளைச் சுற்றிப் புகை போலத் தெரிந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. நைட் மோடை அணைத்தார். கைப்பிடிச் சுவர் மேல் போனைச் சாய்த்து வைத்து, 2 விநாடி டைமர் போட்டார். திரையில் வானத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தார். வானத்தின் நிறம் திரும்பி வந்தது. மலை இருண்டது. இருளட்டுமே, கண்ணுக்கும் அப்படித்தானே தெரிந்தது!

6.08-க்கு உச்சியில் விளக்கு எரிந்தது. பாறைக்குப் பின்னால் அடியில் ஆரஞ்சு, மேலே போகப் போக நீலம். அடுத்த ஆறு நிமிடத்தில் 11 படங்கள். அப்பாவும் மேலே வந்து பேசாமல் நின்றிருந்தார்.

இருட்டிய பிறகு இருவரும் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்கள். நல்லதாக வந்த படத்தில், வலது ஓரத்துக் கொடியில் ஒரு போர்வை தொங்கியது. "இத கட் பண்ணிடட்டுமாப்பா?" என்று கேட்டார் மகள்.

"வேணாம்மா. அது நம்ம போர்வைதான்."