அம்மா சேலையும் 40-ஆம் நம்பர் நூலும்

போன வருஷம் தவறிய அம்மாவின் பருத்திச் சேலைகளை அடுக்கித் தைத்து, காலேஜுக்கு மெயின்லேண்ட் கிளம்பும் மகளுக்கு ஒரு போர்வை. தங்கமணியின் திட்டம். மேலே மெஷின் எம்ப்ராய்டரியில் பூங்கொடி. நூல் செலக்‌ஷன் மட்டும் என் டிபார்ட்மெண்ட் (பேங்க் ஆபீசராச்சே!).

2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட எங்கள் போர்ட் பிளேரில் மே தொடங்கி டிசம்பர் வரை மழைதான். துணி லேசில் காயாது. அதனால் நூலை ஈரத்தை வைத்துத்தான் எடை போட்டேன்.

ரேயான்: பட்டு மாதிரி மினுக்கும், நனைந்தால் பலம் குறையும், ப்ளீச் பட்டால் நிறம் போகும். பருத்தி: சேலையோடு ஒட்டிப்போகும், பஞ்சு உதிர்ந்து மெஷினில் அடையும். பாலியஸ்டர்: ஈரத்திலும் உறுதி, சாயமும் லேசில் போகாது. நம்பர் கூடினால் நூல் மெலியும். வழக்கமான வேலைக்கு 40, பொடி எழுத்துக்கு 60.

இங்குள்ள வங்காளிகளின் காந்தா போர்வைக்கு, பழைய சேலைக் கரையிலிருந்தே நூல் உருவுவது அந்தக் கால வழக்கம். கேட்டதும் மனசு அங்கேயே போனது. ஆனால் நைந்த நூல் மெஷின் வேகத்துக்குத் தாங்காதே!

கடைசியில் கொடிக்குப் பாலியஸ்டர் 40. ஒரு மூலையில் மட்டும், அம்மா சேலைக் கரை நூலால், கையால் மகள் பெயர்.

உங்கள் வீட்டிலும் பழைய சேலை இருந்தால் ஒன்று மறக்காதீங்க: நெருக்கமான டிசைன் வேண்டாம். ஊசித் துளை கூடக்கூட நைந்த துணி கிழியும்.