பாலில் போட்ட பல்

"சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியுங்கள், புதுப் பல் முளைக்கும்" என்றாள் என் தர்மபத்தினி.

சைக்கிளிலிருந்து விழுந்த பேரனின் மேல்வரிசை முன்பல், வேரோடு என் உள்ளங்கையில் கிடந்தது.

"பையனுக்குப் பத்து வயசு, மாமி! இது பால் பல் விழுந்து முளைத்த பல். போனால் போனதுதான்!" என்று ஓடி வந்தாள், பல் மருத்துவம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்.

மண் போகட்டுமென்று வேரைத் தேய்க்கப் போனேன்.

"ஐயோ மாமா, வேரைத் தொடாதீர்கள்!"

வெள்ளைப் பகுதியைப் பிடித்து, தண்ணீரில் லேசாக அலசினாள். உடனே ஈறுக் குழியில் பொருத்துவதே உத்தமமாம். அழுகிற பயல் வாயைக் காட்டினால்தானே! காபிக்கு வைத்திருந்த பாலில் பல்லைப் போட்டு, ஆட்டோவில் ஏறினோம்.

டாக்டர் பல்லைப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு கம்பியால் பிணைத்தார்.

"அரை மணிக்குள் வந்தீர்களே, நல்லது. வேர்மேல் உள்ள உயிரணுக்கள் காய்ந்தால் பல் நிலைப்பது கஷ்டம். பாலில் அவை கொஞ்ச நேரம் தாங்கும். பால் பல்லாயிருந்தால் திரும்பப் பொருத்தவே கூடாது" என்றார். வேர்ச் சிகிச்சைக்கு மறுபடி வரச் சொன்னார்.

அன்று மாலை எங்கள் வீட்டில் காபி இல்லை. பேரன் வாயில் பல் இருந்தது!