இடது கால்

போர்ஷே கம்பெனி 2013இல் தன் 911 ஜிடி3 காரிலிருந்து கையால் மாற்றும் கியரை எடுத்துவிட்டது. பந்தயத்தை மனதில் வைத்துச் செய்யப்படும் காரில் வேகம்தான் பேச்சு. மனிதக் கையைவிட யந்திரம் வேகமாகக் கியர் மாற்றுகிறது. ஆகவே கைக்கு இனி வேலையில்லை. தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள். 2016இல் 911 ஆர் என்ற காரைக் கைக்கியர் மட்டும் வைத்து 991 எண்ணிக்கையில் செய்தார்கள். வாங்கியவர்கள் அதைக் கம்பெனி விலைக்கு வெகு மேலே கைமாற்றினார்கள். 2017இல் ஜிடி3க்கும் கைக்கியர் திரும்பி வந்தது. கண நேரம் தாமதமாவதற்கு மனிதர்கள் காசு கொடுக்கத் தயாராயிருக்கிறார்கள் என்ற விஷயம் எனக்கு ஸ்வாரஸ்யமாகப் பட்டது.

எங்கள் பக்கத்தில் கியரைப் பற்றிப் பேசாத வீடு குறைவு. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியபோது அங்கே பூட்டப்பட்டது ஆஸ்டின் ஏ40 கார். லேலண்ட் லாரி பின்னால் வந்தது, 1955இல் பெயரும் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்தது. என்னிடம் இருப்பது பழைய புல்லட். கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரலுக்கென்று குதிகாலால் அழுத்தத் தனியாக ஒரு சின்ன லீவர். வேறு வண்டியில் பழகியவன் இதில் ஏறினால் கியர் என்று நினைத்து பிரேக்கை மிதிப்பான். இரவல் கேட்கிறவர்கள் இதனாலேயே குறைவு.

வேகமான கார்கள் என்றால் எங்களுக்குச் சோழவரம். செங்குன்றம் தாண்டிக் கல்கத்தா சாலையில், இரண்டாவது உலக யுத்தத்தில் போட்ட விமான ஓடுபாதை. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வரும்வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. எண்பதுகளில் தாய்மாமனோடு போய்ப் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பது மிகை. கூட்டத்தின் முதுகுகளைப் பார்த்தேன், பந்தயத்தைக் கேட்டேன். நேர்பாதையில் அலறிக்கொண்டு வரும் இஞ்சின் திருப்பத்துக்கு முன்னால் சட்டென்று மூச்சை விடும், ஒரு உறுமல் உறுமி ஒரு படி கீழே இறங்கும், மறுபடி உறுமி இன்னொரு படி. மாமா கண்ணை மூடிக்கொண்டு “மூணு... ரெண்டு” என்று எண்ணுவார். அவர் லாரி டிரைவர். ஃபியட் காரில் கியர்க் கம்பு ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும். அதைத் தரைக்கு மாற்றிக்கொண்டு பந்தயத்துக்கு வந்தவர்கள் உண்டு. அது எது, இது எது என்று சத்தத்திலேயே சொல்வார். ஒரு கார் இறங்கும்போது கிரீச்சிட்டது. “கொடுக்கத் தெரியாதவன் கையில குட்த்துட்டாங்க மாப்ளே” என்றார்.

அந்த உறுமல் அலங்காரம் இல்லை. வெவ்வேறு வேகத்தில் சுற்றும் பற்களை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். வேகம் ஒத்துப்போகாவிட்டால் பல் உராயும், உடையும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போட வேண்டும். டிரைவர்கள் இதற்கு டபுள் கிளட்ச் என்பார்கள். வேகங்களைத் தானே ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் 1928இல் காடிலாக்கில் வந்துவிட்டது. எங்கள் ஊர் லாரிகளுக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. மாமாவின் தலைமுறை காதால் கியர் மாற்றியது. ஐந்தாவதிலிருந்து நாலாவதற்கு இறங்க எவ்வளவு உறுமல் வேண்டும் என்பதை அவரால் சொல்ல முடியாது, போட்டுக் காட்டத்தான் முடியும்.

பந்தய உலகில் இந்தக் காது தேவையற்றுப் போன நாள் என்று ஒன்றைச் சொல்லலாம். 1989 மார்ச்சில் பிரேசிலில் நைஜல் மான்சல் ஃபெராரியில் ஜெயித்தார். ஜான் பர்னார்ட் வடிவமைத்த அந்தக் காரில் கியர்க் கம்பு இல்லை. ஸ்டீரிங்குக்குப் பின்னால் துடுப்புபோல இரண்டு தகடுகள், விரலால் இழுத்தால் போதும். அந்த கியர்பாக்ஸ் பிறகு பல பந்தயங்களில் பாதி வழியில் படுத்துக்கொண்டது என்பது வேறு கதை. சில வருஷங்களில் எல்லோரும் அதற்கே வந்தார்கள். 1993இல் வில்லியம்ஸ் குழு இன்னும் ஒரு படி மேலே போய், படிகளே இல்லாத, பெல்ட்டில் இயங்கும் கியர்பாக்ஸைச் சோதித்தது. டேவிட் கூல்த்தார்ட் ஓட்டினார். திருப்பத்திலும் நேர்பாதையிலும் இஞ்சின் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் நின்றது. பந்தயத்தில் ஓடுவதற்கு முன்பே 1994 விதிகள் அதைத் தடை செய்தன. கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறவருக்கு அந்தக் காரில் எண்ண எதுவும் இருந்திருக்காது.

ஆகவே வேகம் பற்றிய வழக்கு முடிந்துபோனது. இன்றைய இரட்டைக் கிளட்ச் பெட்டியில் ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. மூன்றில் போகும்போதே நாலு கோக்கப்பட்டுக் காத்திருக்கிறது. எந்தக் கையும் இதோடு போட்டி போட முடியாது. மிச்சமிருப்பது அனுபவம் பற்றிய வழக்கு. அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. 2009இன் நிஸ்ஸான் 370இஸட்டில் கைக்கியர் இருந்தது, ஆனால் கீழே இறக்கும்போது வரும் உறுமலைக் கம்ப்யூட்டரே கொடுத்தது. பின்னால் வந்த பல கைக்கியர்க் கார்களிலும் அப்படித்தான். கை கம்பைத் தள்ளுகிறது, காதின் வேலையை வேறொன்று செய்கிறது. கைவினை என்று விற்கப்படுவதில் பாதி நாடகம். என் புல்லட் மேல் எனக்குள்ள பிரியத்திலும் கொஞ்சம் நாடகம் இருக்கலாம், ஆனால் அது தப்பாகக் கியர் போட்டால் தொடை வரைக்கும் சொல்லிவிடுகிறது.

இந்தப் பக்கங்களைப் படிக்கிற நண்பர்களுக்கு இதற்குள் யாப்பும் புதுக்கவிதையும் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. அந்த உவமை நிற்காது. வெண்பா எழுதி யாருக்கும் மூட்டு தேய்ந்ததில்லை.

மாமாவுக்குத் தேய்ந்தது, இடது முழங்கால். பிற்பாடு அவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினார். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடற்கரையோரம் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்ற வருஷங்களை வடசென்னைக்காரர்கள் அறிவார்கள். மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில். வரிசை பத்தடி நகரும். கிளட்ச், முதல் கியர், பத்தடி, கிளட்ச், நியூட்ரல். ஒரு ராத்திரியில் இது எத்தனை தடவை என்று அவர் எண்ணியதில்லை. யந்திரத்தோடு மனிதன் ஒன்றிப்போவது பற்றி கார்ப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கலாம். இறங்கி வீட்டுக்குப் போக முடிந்தவர்களின் உண்மை அது. இந்தியாவில் மலிவான தானியங்கிக் கியர் மாருதி செலேரியோவில் 2014இல்தான் வந்தது. அந்தப் பெட்டி யாருக்கு முதலில் வேண்டியிருந்ததோ அவர்களுக்குக் கடைசியில் போய்ச் சேருவது பற்றி எனக்குக் கோபம் உண்டு.

கால் போன பிறகு கொஞ்ச காலம் எண்ணூர்த் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கார்களைக் கப்பலில் ஏற்றும் வேலைக்குப் போனார். யார்டிலிருந்து சரிவுப் பாலம் ஏறிக் கப்பலின் வயிற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இடதுபக்க ஸ்டீரிங் வண்டிகளில் கியர் வலது கையில். “கை மாறிச்சி, கால் மாறல” என்றார். தானியங்கிக் கார் வந்த முதல் நாள் இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் பட்டையான பிரேக்கை மிதித்து, நெற்றி ஸ்டீரிங்கில் போய் முட்டியிருக்கிறது. அப்புறம் அந்தக் காலை மடக்கி வைத்துக்கொள்ளப் பழகினார்.

கால் சும்மா இருப்பது சுகமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“சொகந்தான். ஆனா உள்ள முன்வண்டிக்கும் நம்ம வண்டிக்கும் ஒரு சாண் வுட்டு நிறுத்தணும் பாரு, அதுக்கு ஹாஃப் கிளட்ச்சுதான். நூல் புடிச்ச மாதிரி போவும். அந்த நேரத்துல மட்டும் இந்தக் காலு வலிக்காது.”

நிறுத்தி சாவியை உள்ளேயே விட்டு இறங்கினால், டிரைவர்களை யார்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக ஒரு வேன் இஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருக்குமாம்.