மீண்டும் வந்த நோய்

நோய் குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லும் நாள் ஒரு குடும்பத்துக்குப் பெருநாள் போன்றது. ஆனால் சில நோய்களில் மருத்துவர் 'குணமாகிவிட்டது' என்று சொல்வதில்லை. 'தணிந்திருக்கிறது' என்றே சொல்வார். இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவை எங்கள் குடும்பம் சூலூரில் என் பெரியத்தாவின் நோயினால் அறிந்துகொண்டது. அவ்வாறு அறிந்தது பிற குடும்பங்களுக்கும் பயன்படக் கூடும் என்று எண்ணியே வாசகச் சகோதர சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

பெரியத்தா விசைத்தறி நடத்தி வருபவர். அவருடைய 64ஆம் வயதில் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பசி குறைந்து உடல் மெலிந்த பின்னரே கோவைக்கு மருத்துவரிடம் சென்றார். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்ததில், 'மேண்டில் செல் லிம்போமா' என்று முடிவு வந்தது.

அப்பெயரை நாங்கள் அதுவரை கேட்டதேயில்லை. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களில் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் தங்கும் காவல் நிலையங்கள் அவை. கணுவின் உள்ளே, நடுமையத்தைச் சுற்றிப் போர்வை போல் அமைந்த அணுக்களின் அடுக்கே மேண்டில். அங்குள்ள ஓர் அணுவில் 11ஆம் குரோமோசோமும் 14ஆம் குரோமோசோமும் தத்தம் துண்டுகளை மாற்றிக்கொண்டால், சைக்ளின் டி1 என்ற புரதம் அளவின்றி உண்டாகி, அணுவைப் பெருகு பெருகு என்று ஏவிக்கொண்டேயிருக்கும். மருத்துவ உலகம் இந்நோய்க்கு இப்பெயரைச் சூட்டியது 1992இல்தான். பெண்களைவிட ஆண்களுக்கும், அவர்களுள்ளும் 60 வயதைக் கடந்தவர்களுக்குமே இது மிகுதியாக வருகிறது. இது தொற்றுநோயன்று. பிறந்த பின்னர் ஓர் அணுவில் நேரும் மாற்றமே ஆதலால், சம்பந்தம் பேசுவதற்கு இதனைத் தடையாகக் கருதுவதும் அறியாமையே.

முதல் சிகிச்சையாகப் பெண்டமுஸ்டின், ரிட்டுக்சிமாப் என்னும் இரு மருந்துகளை நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாக ஆறு முறை ஏற்றினார்கள். ரிட்டுக்சிமாப் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007இல் அதற்கு இணையான மருந்தை இந்தியாவிலேயே தயாரித்து வெளியிட்ட பின்னரே நம் போன்ற குடும்பங்களுக்கு அது ஓரளவு எட்டியது. உடல் வலிமை உள்ளவர்களுக்கு அவர்களுடைய மூல அணுக்களையே சேமித்து மீண்டும் செலுத்தும் மாற்றுச் சிகிச்சையும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986 முதலே நடைபெறுகிறது. பெரியத்தாவின் வயதையும் சர்க்கரை நோயையும் கருதி, மருத்துவர் அதைப் பரிந்துரைக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், கட்டிகள் கரைந்தன. பெரியத்தா தறிக்கூடத்துக்குத் திரும்பினார்.

மூன்றாண்டுகள் கழிந்தன. பேத்தியின் நிக்காஹ்வுக்கு ஐந்து வாரங்கள் இருந்தபோது, அவர் காதுக்குக் கீழே துண்டை இழுத்து இழுத்து மூடிக்கொள்வதைப் பெரியம்மா கவனித்துவிட்டார். கேட்டபோது, "கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்" என்றார். அவர் கட்டியைக் கண்டு இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

அன்றிரவு வீட்டில் வாக்குவாதம் எழுந்தது. முன்பு பலித்த ஊசியையே மறுபடியும் போடலாம் என்றார் ஒருவர். இனி உடலை வருத்தாமல் நாட்டு மருந்து போதும் என்றார் இன்னொருவர். நிக்காஹ் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்பதே பலருடைய கருத்தாக இருந்தது. மருத்துவர் மட்டும் காத்திருக்கக் கூடாது என்றார். மறுபடியும் சதைப் பரிசோதனை செய்து, திரும்பி வந்திருப்பது அதே நோய்தான் என்பதை உறுதிசெய்துகொண்டு, அடுத்த சிகிச்சையைப் பற்றி எங்களிடம் பேசினார்.

இந்நோய் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். திரும்பி வரும்போது இன்று கையிலிருக்கும் முக்கிய ஆயுதம் அன்றாடம் விழுங்கும் மாத்திரை. அணு உயிர்த்திருக்க உதவும் செய்தியைக் கடத்தும் பி.டி.கே. என்ற நொதியை அது அடைத்துவிடுகிறது. இவ்வகையில் முதலாவதான இப்ரூட்டினிப் 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 111 பேரிடம் நடந்த ஆய்வில் 68 விழுக்காட்டினருக்கு அது பயனளித்தது. அகலாப்ரூட்டினிப் 2017இலும், ஸானுப்ரூட்டினிப் 2019இலும் வந்தன. பின்வந்த இவற்றால் இதயத் துடிப்புக் கோளாறு குறைவு. இப்ரூட்டினிப்புக்கு இந்நோய்க்கென அமெரிக்காவில் இருந்த அனுமதியை அதன் நிறுவனமே 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே எந்த மாத்திரை என்பதை நோயாளியின் இதயத்தையும் இரத்தக்கசிவு அபாயத்தையும் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் வாக்குவாதத்தை முடித்துவைத்தது மருத்துவர் சொன்ன ஒரு கணக்கு. இப்ரூட்டினிப் எடுத்துக்கொண்ட 370 பேரின் விவரங்களை ஒன்றுதிரட்டி 2019இல் வெளியிட்டார்கள். நோய் முதன்முறை திரும்பியபோதே அம்மாத்திரையைத் தொடங்கியவர்களில், நோய் மறுபடி முன்னேறாதிருந்த காலத்தின் நடு அளவு 25 மாதங்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிகிச்சைகளைக் கடந்து வந்து தொடங்கியவர்களுக்கு அது 10 மாதங்களே. பல சிகிச்சைகளைக் கண்டவர்களின் உடல் முன்னரே தளர்ந்திருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். எனினும், முதல் திரும்புதலின்போது கிடைக்கும் வாய்ப்பே பெரிய வாய்ப்பு என்பது எங்களுக்கு விளங்கியது.

பெரியத்தாவுக்கு அது தம் தொழில் மொழியிலேயே விளங்கிற்று. "பாவுல இழை அத்துப்போச்சுன்னா தறிய நிறுத்தி அங்கயே முடி போடோணும். நாலு முழம் ஓடட்டும்னு உட்டா துணி ஓட்டையாத்தான் வரும்" என்றார். மறுவாரமே மாத்திரை தொடங்கியது. நிக்காஹ்வும் குறித்த நாளில் நடந்தது.

ஆய்வில் வரும் எண்கள் நம் வீட்டுக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்டோம். பொருந்தாது என்றார் மருத்துவர். ஆய்வுகளில் பெரும்பாலும் சிறுநீரகமும் இதயமும் செம்மையாக உள்ளவர்களையே சேர்த்துக்கொள்வார்கள். ஊர்களில் நோயாளிகள் அப்படி இருப்பதில்லை. ஆகவேதான் சாதாரண மருத்துவமனைப் பதிவேடுகளைத் திரட்டிப் பார்ப்பது தேவையாகிறது. அவை சில நேரம் கசப்பான உண்மையைச் சொல்லும். இப்ரூட்டினிப் பலிக்காமல் நிறுத்திய 114 பேரைப் பற்றி 2016இல் வந்த கட்டுரையில், அதன்பின் அவர்கள் வாழ்ந்த காலத்தின் நடு அளவு 3 மாதங்கள்கூட இல்லை.

சில நேரம் அவை ஆறுதலும் தரும். நோயாளியின் வெள்ளணுக்களையே எடுத்து, மாற்றியமைத்து, திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்கு 2020இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென அனுமதி கிடைத்தது. பின்னர் அங்குள்ள மருத்துவமனைகளில் அதற்காக வெள்ளணுக்கள் எடுக்கப்பட்டவர்களில், 79 விழுக்காட்டினர் மூல ஆய்வில் சேரவே தகுதி இல்லாதவர்கள். அப்படியிருந்தும் சிகிச்சையைப் பெற்ற 168 பேரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு, திரும்பி வந்த பி செல் இரத்தப் புற்றுநோய்களுக்காக 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி வழங்கப்பட்டது. அதன் விலை வெளிநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதுவும் பல இலட்சம்தான். எனினும் கதவு ஒன்று திறந்திருக்கிறது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கிய பின் இப்ரூட்டினிப்பின் விலை இறங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. தமக்கு எழுதப்பட்ட மருந்து அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. ஒருமுறை தரும் பெருந்தொகையைவிட, மாதந்தோறும் தவறாமல் கிடைக்கும் சிறு தொகையே மாத்திரை உண்பவருக்கு உதவும். ஜகாத் நிதியைப் பங்கிடும் ஜமாஅத் பெரியவர்கள் இதைக் கருத்தில் கொள்வார்களாக.

வீட்டார் கவனிக்க வேண்டியவை சிலவே. எல்லாப் பரிசோதனைத் தாள்களையும் ஒரே கோப்பில் தேதி வரிசையில் வையுங்கள். நலமாக இருக்கும் ஆண்டுகளிலும் மறுபரிசோதனையைத் தவற விடாதீர்கள். புதிய கட்டி, இரவு வியர்வை, காரணமற்ற மெலிவு கண்டால் அன்றே சொல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவராயின் மருத்துவரிடம் அதைத் தெரிவியுங்கள். நாட்டு மருந்தோ பிற மருந்தோ இம்மாத்திரையோடு மோதக்கூடும், கேட்காமல் சேர்க்காதீர்கள். ரமலானில் நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை அவருக்கு நினைவூட்டுங்கள்.

பெரியத்தா இப்போது மாத்திரை உண்ணும் 19ஆம் மாதத்தில் இருக்கிறார். இது எத்தனை காலம் என்று அவர் மருத்துவரைக் கேட்டார். "வேலை செய்யும் வரை, பாய்" என்றார் மருத்துவர். அவர் மறைக்காமல் சொன்னதால் எங்களுக்குத் துணிவே வந்தது. அடுத்து என்ன செய்வது என்பதை இப்போதே பேசி வைத்திருக்கிறோம். நோயுற்ற அனைவருக்கும் அவர்களைத் தாங்கும் குடும்பங்களுக்கும் இறைவன் நலத்தையும் தெளிவையும் தருவானாக. ஆமீன்.