கனமான மோட்டாரா, லேசான மோட்டாரா? - அப்பாவின் சைக்கிளும் காவிரிப் பாலமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மோட்டார் பற்றிய பதிவு. நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும். கணக்கு என்றாலே எழுந்து ஓடுகிற நம் வகுப்பு மக்கள் அந்த ரெண்டு பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். கதை புரியும் :-)

அப்பாவுக்கு வாழை இலை வியாபாரம். விடிகாலை நாலு மணிக்கு இலைக் கட்டுகளைக் கேரியரில் ஏற்றிக் கட்டி, ஸ்ரீரங்கத்திலிருந்து மாம்பழச் சாலை வழியாகக் காவிரிப் பாலம் ஏறுவார். சத்திரம், தெப்பக்குளம், தில்லை நகர் என்று மெஸ் மெஸ்ஸாகப் போட்டுவிட்டு எட்டு மணிக்குத் திரும்புவார். போக வர இருபது கிலோமீட்டர் இருக்கும். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து அதே கம்பி பிரேக் சைக்கிள்தான்.

"டிவிஎஸ் எக்ஸெல் வாங்கிக் கொடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டுப் பார்த்தாச்சு. "அது எனக்கு ஓட்ட வராது, நான் லைசென்சுக்குப் போய் எட்டுப் போட மாட்டேன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஆனால் போன வருஷம் முழங்கால் பேச ஆரம்பித்தது. டாக்டர், "சமதரையில் மிதிங்க, நல்லதுதான். பாரத்தோட மேட்டுல மிதிக்காதீங்க, தள்ளிக்கிட்டும் ஏறாதீங்க" என்றார். ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெருவெல்லாம் உள்ளங்கை மாதிரி சமதரை. ஆனால் தீவை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் எந்தப் பக்கமும் ஒரு பாலம் ஏறித்தான் ஆக வேண்டும்!

அப்போதுதான் ஹப் மோட்டார் யோசனை வந்தது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்தையே மோட்டாராகப் போடுவது. இதை ஏதோ புதுசு என்று நினைத்திருந்தேன். 1895-லேயே ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் பின் சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். நம் ஊரில் சட்டமும் சாதகம். மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி இல்லாத எடை 60 கிலோவுக்குள் என்று இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. லைசென்ஸ் வேண்டாம், எட்டும் வேண்டாம்.

ஹப் மோட்டாரில் ரெண்டு ஜாதி உண்டு.

ஒன்று, பல்சக்கரமே இல்லாதது. வெளிக்கூட்டில் காந்தங்கள், உள்ளே கம்பிச்சுருள், அவ்வளவுதான். மோட்டாரும் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். நம்ம சைக்கிள் 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 90 சுற்றுதான். அவ்வளவு மெதுவாகச் சுற்றும் மோட்டார் நல்ல இழுவை தர வேண்டுமென்றால் காந்தமும் செம்பும் இரும்பும் நிறைய வேண்டும். அதனால் கனம்.

இன்னொன்று, உள்ளே ஒரு சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றும். அதன் நடுப் பல்சக்கரத்தை ஒட்டி மூன்று பல்சக்கரங்கள். மோட்டார் நாலைந்து தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்கிற வேலை. அதனால் இது லேசு. இதற்குள் ஒரு ஃபிரீவீலும் உண்டு. மோட்டார் நின்றாலும் சக்கரம் தன் பாட்டுக்கு உருளும்.

நான் கனமானதைத்தான் எடுத்தேன். ஒரு சீனியரிடம் பழசாகக் கிடைத்தது, ஆறு கிலோ. பல்சக்கரம் இல்லை, அதனால் தேய ஒன்றுமில்லை. சத்தம் இல்லை. பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்டைத் திருப்பியும் அனுப்பும். இத்தனை நல்ல குணம் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? முன் சக்கரத்தில் பூட்டியாச்சு. ரெண்டு வாரம் அப்பா ராஜா மாதிரி போய் வந்தார். நானும் தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

அடுத்து நடந்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

எங்கள் வீட்டு நடையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். பரீட்சைக்கு முந்தின ராத்திரி, லேப்டாப்புக்காகப் பேட்டரி சார்ஜரைப் பிடுங்கிவிட்டேன். திரும்ப மாட்ட மறந்து அப்படியே தூங்கிப் போனேன். ஒரு சார்ஜுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று கிலோமீட்டர்தான் வரும். முந்தின நாளே இருபது ஓடியாகிவிட்டது. நாலரை மணிக்கு, பாலத்தின் ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் மோட்டார் நின்றுவிட்டது. அப்பா மிதித்துப் பார்த்திருக்கிறார், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்திருக்கிறது. இறங்கித் தள்ளியிருக்கிறார். மெஸ்ஸில் இலைக்காகக் காத்திருப்பார்களே என்று வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. மொத்த வழியையும் முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. நாலு நாள் படுக்கை. அந்த நாலு நாளில் ரெண்டு மெஸ் வேறு ஆளிடம் இலை வாங்க ஆரம்பித்துவிட்டது.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மோட்டார் போடறதுக்கு முன்னாடி கரண்டு இல்லாட்டியும் சைக்கிள் சைக்கிளா இருந்துச்சுடா."

நாலு பேப்பரில் அரியர் வைத்தபோது கூட எனக்கு இப்படி வலித்ததில்லை.

சரி, இப்போது கணக்கு. அப்பா 58 கிலோ, சைக்கிள் 20, இலை 28, பேட்டரி 3, மோட்டார் 6. ஆக 115 கிலோ. லேசான மோட்டார் இரண்டரை கிலோ. மூன்றரை கிலோ மிச்சம், அதாவது மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று. பாலத்து ஏற்றம் நூறு அடிக்கு மூன்று அடி என்று வைத்து, 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், பாரத்தை மேலே தூக்க மட்டும் சுமார் 113 வாட் வேண்டும். மூன்றரை கிலோ குறைத்தால் மிச்சமாவது மூன்றரை வாட். எடைதான் வில்லன் என்று நினைத்திருந்தேன். இல்லை!

வில்லன் காந்தம். பழைய சைக்கிளில் டைனமோவை டயர் மேல் தட்டிவிட்டு மிதித்தவர்களுக்குத் தெரியும், கால் சட்டென்று கனக்கும். பல்சக்கரமில்லாத மோட்டாரும் அப்படித்தான். கரண்டு இல்லாவிட்டாலும் காந்தங்கள் இரும்பை இழுத்துக்கொண்டேதான் சுற்றும். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டயரில் நூல் சுற்றி, அதில் எடை கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். கால் கிலோ கட்டியபோதுதான் சக்கரம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. அதே இழுப்பு 12 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 8 வாட் தின்னும். சமதரையில் அந்த வேகத்துக்கு மொத்தமே நாற்பது வாட் சொச்சம்தான் தேவை. அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பு, வழி நெடுக. நோகிற முழங்காலுக்கு இது சின்ன விஷயமா?

பிரேக்கில் திரும்பி வரும் கரண்டையும் கணக்குப் போட்டேன். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 115 கிலோவை நிறுத்தினால் கிடைப்பது மொத்தமே அரை வாட்-மணி, அதுவும் ஒரு துளி வீணாகாமல் வந்தால். எங்கள் பேட்டரி 360 வாட்-மணி. ஐம்பது தடவை நிறுத்தினாலும், நஷ்டம் போக ஒரு கிலோமீட்டர் ஓடத்தான் வரும். பெருமை பேச நன்றாக இருக்கும், பாலம் ஏற உதவாது.

டியூஷன் எடுத்த காசில் லேசானதை வாங்கினேன். இதற்கும் குறை உண்டு. உள்ளே இருப்பவை நைலான் பல்சக்கரங்கள், ஒரு நாள் தேயும். மெல்லிசாக "கொய்ங்" என்று சத்தம் போடும். சின்ன மோட்டார் என்பதால், பாரத்தோடு மெதுவாக ரொம்ப நேரம் ஏற்றத்தில் போனால் சீக்கிரம் சூடாகும். திருச்சி வெயிலில் மத்தியானம் ஓட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அப்பா போவது விடிகாலை, ஏற்றமும் சில நிமிஷம்தான். அதனால் எங்களுக்குப் பொருந்தியது. எடை எங்கே தெரிந்தது தெரியுமா? வாசல் படியில்! ரெண்டு படி ஏற்ற முன் சக்கரத்தைத் தூக்கும்போது, "இது தேவலாம்டா" என்றார்.

அப்படியென்றால் கனமானது மோசமா? இல்லை. மிதிக்கவே போவதில்லை, துவாக்குடி மாதிரி தூரத்துக்கு நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்றால் அதுதான் சரி. சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் உழைக்கும். நான் செய்த தப்பு, மோட்டாரைப் பார்த்து மோட்டாரைத் தேர்ந்தெடுத்தது. ஓட்டுகிற ஆளைப் பார்த்திருக்க வேண்டும். எது நன்றாக ஓடும் என்று கேட்டேனே தவிர, நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை.

1976-லிருந்து அந்தப் பாலம் எத்தனையோ சைக்கிள்களைப் பார்த்துவிட்டது. 2022 கடைசியில் பழுது பார்க்க மூடி 2023 மார்ச்சில் திறந்தபோது அப்பா பட்ட சந்தோஷம் எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. இப்போதெல்லாம் அவர் தீவுக்குள் மோட்டாரைப் போடுவதே இல்லை. மிதித்தே போகிறார். ஏற்றம் வந்ததும் போட்டு, உச்சியில் அணைத்துவிடுகிறார். பேட்டரி பாதிக்கு மேல் மிச்சமாகவே வீடு திரும்புகிறது. போன ரெண்டு மெஸ்ஸில் ஒன்று திரும்ப வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை.

நடையில் இன்னொரு பிளக் பாயிண்ட் போட்டாச்சு. இருந்தாலும் ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு தடவை போய் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

பி.கு.: செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ரெண்டு விஷயம். நம்மூர் பழைய சைக்கிளில் முன் ரிம்முக்கு 32 போக்ஸ் கம்பி, பின் ரிம்முக்கு 40. மோட்டாரில் பெரும்பாலும் 36 துளை. அதனால் ரிம் புதுசாகத்தான் வாங்க வேண்டும். கம்பி கட்டிக் கோட்டம் எடுப்பதை அனுபவமுள்ள கடைக்கார அண்ணனிடமே விடுங்கள். இரண்டாவது, அச்சு சுற்றிக்கொண்டு ஃபோர்க்கை விட்டு வெளியே வராமல் இருக்க, அச்சைப் பிடித்து ஃபோர்க்கோடு இறுக்கும் இரும்புப் பட்டையைக் கட்டாயம் போடுங்கள். காசு மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.